அந்தக் காலத்துத் தரம் யாருடைய தரம்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மாணவர்களின் எழுத்துத்திறன் தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்துவிட்டதா என்ற கேள்விக்கு, தேயவில்லை என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், எட்டாம் வகுப்போடு நின்ற தம் தாத்தா பிழையின்றி எழுதிய அஞ்சலட்டையைப் பற்றிச் சொல்லி, இன்றைய பட்டதாரிக்கு விடுப்பு விண்ணப்பம்கூட எழுத வரவில்லை என்று வருந்தினார், கைதட்டலும் வாங்கினார். அந்தத் தாத்தாவோடு பிறந்த பெண்கள் எழுதிய அஞ்சலட்டை ஒன்றாவது அவர் வீட்டில் இருக்கிறதா?

இருந்தால் வியப்புதான். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். பெண்களில் 9 பேர்கூட இல்லை. வந்த கடிதத்தைத் தபால்காரரையே படித்துக்காட்டச் சொல்லி, பதிலையும் அவர் கையாலேயே எழுதி வாங்கிய வீடுகள் ஊருக்கு ஊர் இருந்தன. தடுமாறிய பிள்ளையை மாடு மேய்க்க விட்டுவிட்டு, மிஞ்சிய சிலரின் கையெழுத்தைத் தரம் என்று காட்டிய காலம் அது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்தது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். அந்தச் சோற்றை நம்பி, வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்தார்கள். 2011இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காட்டைத் தொட்டது. அன்று பலகையையே தொடாதவர்களின் பேத்திகள் இன்று தேர்வு எழுதுகிறார்கள். அவர்களுடைய பிழையும் விடைத்தாளில் ஏறுகிறது.

ஐந்தாம் வகுப்பு மாணவர் பலருக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரவில்லை என்ற, ஊரகப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் அசர் (ASER) ஆய்வையும் எதிரணி எடுத்துக்காட்டியது. அது உண்மை, கவலைக்குரியதும்கூட. ஆனால் அந்த ஆய்வு தொடங்கியதே 2005இல். வீடு வீடாகச் சென்று பிள்ளையின் கையில் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் அப்படியொரு சோதனையை 1960இல் யாரும் நடத்தவில்லை. ஒரு பக்கம் எடை போட்டுவிட்டு மறுபக்கத்தை நினைவிலிருந்து சொல்வது என்ன நியாயம்?

பிழை நம் காலத்தில் பிறந்ததும் அன்று. ‘எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்ற பழமொழி, கைப்பேசியைப் பார்த்தவர்கள் சொன்னதா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் அறிந்து எழுதுவோர் குறைந்துவிட்டனர். இரட்டை வரி நோட்டில் நாள்தோறும் எழுதிப் பழகிய கையின் அழகும் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த அழகான கையெழுத்தில் என்ன எழுதினோம்? பசு ஒரு சாதுவான பிராணி, அதற்கு நான்கு கால்கள் உண்டு என்று, பால் கறந்தே பழகிய பிள்ளையும் பார்த்தே இராத பிள்ளையும் ஒரே கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதினோம். அண்மையில் ஒரு சிற்றூர் அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் ஒன்றைப் பார்த்தேன். மழைக்காலம் பற்றிய கட்டுரை. ‘மளை நின்ற பிறகும் எங்கள் கூரை நிற்கவில்லை’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். ளகரத்தைச் சுற்றிச் சிவப்பு மை வட்டம், பக்கத்தில் அரை மதிப்பெண் வெட்டு. அந்த வாக்கியத்துக்கு எந்தக் குறியும் இல்லை. எழுத்துப் பிழையைத் திருத்த ஓர் ஆசிரியருக்குச் சில மாதங்கள் போதும். அந்த வாக்கியத்தை எந்த உரைநூலிலிருந்து அவள் மனப்பாடம் செய்திருக்க முடியும்?

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு விளக்கம் கேட்டு அமர்கிறேன். தாத்தா காலத்துச் சராசரியை அவர் கணக்கிடும்போது, பள்ளிக்கே அனுப்பப்படாத அந்தப் பெண்களுக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்?