தனி மரம் தோப்பாகாது: ஆண் சிங்கக் கூட்டணியின் தடத்தில்

(சென்னை மயிலாப்பூரில் நடைபெற்ற இயற்கை ஆர்வலர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, பணிச்சுமைக்கிடையே வருகை தந்திருக்கும் வனத்துறை உயர் அலுவலர் அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் அளித்து உதவிய பள்ளித் தாளாளர் அம்மையார் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நீதியரசர் அவர்கள் மாலை மழையையும் பொருட்படுத்தாது வந்து, தமக்கென்று போடப்பட்ட மேடை நாற்காலியை வேண்டாமென்று மறுத்து, மாணவர்களோடு கீழே அமர்ந்திருக்கிறார்கள். சிங்கங்களைப் பற்றி உச்சநீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பைக் குறித்து நான் பேச இருக்கும் இந்த மாலையில் அவர்கள் இங்கே இருப்பது என் பேறு. தாளாளர் அம்மையாருக்கு நன்றி சொல்ல ஒரு மேடை போதாது. மரம் நடும் நாளாயினும் பறவை நோக்கும் நாளாயினும் இந்தப் பள்ளியின் கதவு நமக்குத் திறந்தே இருந்திருக்கிறது.

மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஆண் சிங்கங்கள் ஏன் கூட்டணி சேர்கின்றன என்பது முதலாவது. அக்கூட்டணியைக் காட்டில் எவ்வாறு தேடிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது இரண்டாவது. நம் நாட்டுச் சிங்கங்களுக்கு இரண்டாவது இல்லம் ஏன் வேண்டும் என்பது மூன்றாவது.

தனி மரம் தோப்பாகாது என்பார்கள். என் வாழ்நாளில் நான் அதிகம் சொன்ன பழமொழி இதுவாகத்தான் இருக்கும். ஆண் குட்டி இரண்டு மூன்று வயதை எட்டியதும் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேற்றப்படுகிறது. தனியே அலையும் ஓர் ஆண், பெண் சிங்கங்கள் வாழும் எல்லையொன்றைக் கைப்பற்றுவது அரிது. கைப்பற்றினாலும் நெடுநாள் காத்து நிற்க முடியாது. ஆகவே, ஒன்றாக வளர்ந்த அண்ணன் தம்பிகளும் ஒன்றுவிட்ட சகோதரர்களும் சேர்ந்தே வெளியேறுகிறார்கள். ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டிலுள்ள செரெங்கெட்டியில் பல்லாண்டுகள் சிங்கங்களை ஆய்வு செய்த கிரெய்க் பேக்கரும் அவர் குழுவினரும் ஒன்றைக் கண்டறிந்தார்கள்: நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்கள் சேர்ந்த கூட்டணி இரத்த உறவினரால் ஆனது, இரண்டு மூன்று பேர் கொண்ட கூட்டணியிலோ உறவே இல்லாத அந்நியனும் இடம்பெறுவதுண்டு. புதிதாக எல்லையைப் பிடிக்கும் ஆண்கள் முந்தைய ஆண்களின் சிறு குட்டிகளைக் கொன்றுவிடும். தந்தையரின் கூட்டணி நிலைத்திருக்கும் காலமே குட்டிகளின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பதை உணர்ந்தால், அந்த ஒற்றுமையின் விலை நமக்கு விளங்கும்.

இனித் தேடலுக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டி, இடையில் வேலியின்றி விரிந்து கிடக்கிறது சாபி சாண்ட் காடு. குடும்பத்தாரோடு அங்கே சென்றிருந்தபோது, எழுபது வயதைக் கடந்த என் அத்தையும் உடன் வந்திருந்தார்கள். கூரையில்லாத சஃபாரி வண்டியின் முன்முனையில் ஒற்றை இருக்கை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தடம் பார்ப்பவர் அதில்தான் அமர்வார். எங்களுக்கு வாய்த்தவர் ஷங்கான் இனத்தைச் சேர்ந்த நடுத்தர வயதுக்காரர். வாய் திறக்க மாட்டார்; கையை உயர்த்துவார், வண்டி நின்றுவிடும். முதலில் நின்ற இடத்தில், மண் பாதையில், பெரிய பூரி அளவுக்கு ஒரு தடம். நான்கு விரல்கள், நகக்குறி இல்லை, அடித்திண்டின் பின்விளிம்பில் மூன்று புடைப்புகள். நகம் பதிந்திருந்தால் கழுதைப்புலி. சிங்கம் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டுதான் நடக்கும். அந்தத் தடத்தின் மேல் கினிக்கோழி ஒன்றின் கால் கோடு கோடாக விழுந்திருந்தது. கோழி வெளிச்சம் வந்த பிறகே மரத்திலிருந்து இறங்கும்; ஆகவே, சிங்கம் இருட்டிலேயே கடந்துவிட்டது என்று கணக்கிட்டார். வெகுதூரம் சென்று மீண்டும் கையை உயர்த்தினார். அங்கே கோழியின் கால்தடத்தை நசுக்கிக்கொண்டு, அதன் மேல் சிங்கத்தின் பாதம் பதிந்திருந்தது. முன்பு பின்தங்கியிருந்த நாங்கள் இப்போது நெருங்கிவிட்டோம் என்பதை எங்களுக்கு உணர்த்த ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

வறண்ட ஆற்றுப் படுகையில் தடங்கள் பிரிந்தன. இரண்டு மணலோடும், ஒன்று புதருக்குள்ளும் சென்றன. அவர் இறங்கி நடந்து, திரும்பி வந்து, ஓட்டுநரிடம் புதர்ப் பக்கம் கையைக் காட்டினார். சற்றுத் தொலைவில் இம்பாலா மான்கள் மூக்கால் சீறி எச்சரித்தன. ஒட்டகச்சிவிங்கிகள் மூன்றும் ஒரே திசையை வெறித்தபடி அசையாமல் நின்றன. அத்தை அதற்குள் ‘முருகா, முருகா’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பிரிந்த மூவரும் ஒரே மரநிழலில் படுத்திருந்தார்கள். பெரியவனின் பிடரி கறுத்திருந்தது. அவன் மூக்கின் குறுக்கே ஆறிய வெட்டுக் காயம் ஒன்று இருந்தது. அப்போது எங்கிருந்தோ, நிச்சயமாக ஒரு மைலுக்கு அப்பாலிருந்து, அந்நிய ஆண் ஒன்றின் கர்ஜனை வந்தது. மூன்று தலைகளும் ஒருசேர உயர்ந்தன. பெரியவன் தொடங்கினான், மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். நான் பிடித்திருந்த இரும்புக் கம்பி என் உள்ளங்கைக்குள் அதிர்ந்தது. மூவரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக, அந்தக் குரல் வந்த திசையில் நடந்தார்கள். அத்தை என் தோளைத் தட்டி, ‘அண்ணன் குரல் கொடுத்தால் தம்பிகள் ஏன் எதற்கென்று கேட்காமல் எழுந்திருக்கிறார்கள் பார்’ என்றார்கள். (கைதட்டல்)

அத்தை சொன்னதை ஆய்வும் சொல்கிறது. செரெங்கெட்டியில் அந்நிய ஆண்களின் கர்ஜனையை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். உடனிருப்பவன் இரத்த உறவா இல்லையா என்று பாராமல் ஆண்கள் சேர்ந்தே முன்னேறின. நான் சொன்ன அதே சாபி சாண்டில்தான் மபோகோ என்று பெயர் பெற்ற ஆறு ஆண்களின் கூட்டணி 2006 முதல் சில ஆண்டுகள் பரந்த நிலத்தை ஆண்டது. 2010இல் அவர்களுள் ஒருவனை வேறொரு கூட்டணி கொன்றது. தனி மரம் தோப்பாகாது.

நம் நாட்டுச் சிங்கங்களும் இவ்வாறே கூட்டணி சேர்கின்றன. கீர் காட்டில் பெரும்பாலும் இருவர் இருவராகக் காணலாம். ஆனால், நண்பர்களே, ஆசியச் சிங்கம் என்னும் இனமே இன்று தனி மரமாக நிற்கிறது. 2025 கணக்கெடுப்பின்படி 891 சிங்கங்கள். அத்தனையும் குஜராத்தின் சௌராஷ்டிர வட்டாரத்தில். ஜூனாகத் நவாபின் காலத்தில் சில பத்துகளாகச் சுருங்கிய இனத்தை இந்த நிலைக்கு வளர்த்த அம்மாநில மக்களையும் வனப் பணியாளர்களையும் நான் வணங்குகிறேன். எனினும், ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருப்பது என்னை உறங்கவிடவில்லை.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021 ஜூனில் நம் வண்டலூர் உயிரியல் பூங்காவின் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியது. நீலா என்ற பெண் சிங்கமும், அடுத்த இரண்டு வாரங்களுக்குள் ஓர் ஆண் சிங்கமும் இறந்தன. அது வேலியிட்ட இடம், மருத்துவர்கள் அருகிலேயே இருந்தார்கள். காட்டில் அந்த வசதி ஏது? 1994இல் செரெங்கெட்டியில் நாய்களிடமிருந்து வந்த டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய்க் கிருமி ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்களை, அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கை, அழித்தது. 2018இல் அதே நோய் கீருக்குள் புகுந்தது. தல்கானியா சரகத்தில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் மாண்டன.

இதையெல்லாம் எதிர்பார்த்தே மத்தியப் பிரதேசத்தின் குனோவில் இரண்டாவது இல்லம் திட்டமிடப்பட்டது. அதற்காக 24 கிராமங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. 2013 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் ஆறு மாதங்களுக்குள் சிங்கங்களை அங்கே கொண்டு செல்ல ஆணையிட்டது. இன்றுவரை ஒரு சிங்கமும் அங்கே போய்ச் சேரவில்லை. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள்தாம் வந்திறங்கின. பர்டா சரணாலயத்தில் சிங்கங்கள் குடியேறியிருப்பதைச் சிலர் மாற்றாகக் காட்டுகிறார்கள். மகிழ்ச்சிதான், ஆனால், பர்டாவும் சௌராஷ்டிரத்துக்குள்தான் இருக்கிறது. வீடு விட்டு, நிலம் விட்டு, சிங்கத்துக்காக இடம்பெயர்ந்த அந்த 24 கிராமத்தாருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? ஒரு காடு ஓர் இனத்துக்குப் போதாது. தனி மரம் தோப்பாகாது.

வாயிலருகே மாணவர்கள் அஞ்சலட்டைகளோடு மேசை போட்டு அமர்ந்திருக்கிறார்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் முகவரி அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. 2013 ஆணையை நிறைவேற்றக் கோரும் இரண்டு வரிகளை உங்கள் சொந்த நடையில், உங்கள் கையாலேயே எழுதி, கையொப்பமிட்டு அவர்களிடம் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் எழுத விரும்புவோர் கூடுதல் அட்டைகளை வாங்கிச் செல்லலாம். நீதியரசர் அவர்கள் முதல் அட்டையில் கையொப்பமிட இசைந்திருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.