கில்பெக் வாசலில் கொஞ்ச நேரம்

எல்லோருக்கும் வணக்கம். ரோமனெஸ்க் கல்வேலை, அதாவது கூர்வளைவு வருவதற்கு முந்தைய ஐரோப்பியக் கட்டடப் பாணி, பற்றிப் பேசச் சொன்னார்கள். டர்ஹம் மாதிரிப் பெரிய பேராலயங்களைப் பற்றிப் பேச ஆள் எப்போதும் இருக்கிறது, அதனால் நான் ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்துக்கு மட்டும் உங்களைக் கூட்டிப்போகிறேன். இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஹியர்ஃபோர்டுக்குத் தென்மேற்கே சுமார் 14 கிலோமீட்டரில் இருக்கும் கில்பெக்.

1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் ஊருக்கு ஊர் தேவாலயம் கட்டினார்கள். தடித்த சுவர், சின்ன ஜன்னல், அரைவட்ட வளைவு, இவ்வளவுதான் ரோமனெஸ்க்கின் அடையாளம்; அங்கே இதை நார்மன் பாணி என்றே சொல்வார்கள். பின்னால் கூர்வளைவு மோகம் வந்ததும் கையில் காசு சேர்ந்த ஊர்களெல்லாம் சுவரை இடித்து, ஜன்னலைப் பெரிதாக்கி, பக்கவாட்டில் நீட்டிக் கட்டிவிட்டதால், பெரும்பாலான ஊர்களில் பழைய வேலை என்று மிஞ்சியது ஒரு வாசல், இல்லை ஒரு ஞானஸ்நானத் தொட்டி. கில்பெக்கில் 1140 வாக்கில் கட்டியது கிட்டத்தட்ட முழுசாகவே நிற்கிறது. பக்கத்தில் இருந்த கோட்டைதான் இடிந்துபோய் மண்மேடாகக் கிடக்கிறது.

சரி, தெற்கு வாசலுக்கு வாருங்கள். சிவப்பு மணற்கல். கதவுக்கு மேலே அரைவட்டக் கல்லில் கொடி மாதிரிச் சுருண்ட ஒரு மரம், அதைச் சுற்றி வளைவில் டிராகன்கள், பறவைகள், என்னவென்றே பெயர் வைக்க முடியாத முகங்கள். ஆப்பு வடிவத்தில் வெட்டிய ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு உருவம், அத்தனையையும் சேர்த்துத்தான் அந்த வளைவு. இடதுபக்கத் தூணில் கொடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு இரண்டு வீரர்கள். அவர்களுடைய கால்சட்டையைப் பாருங்கள், துணி மடிப்பு வரிவரியாக இன்னும் அப்படியே இருக்கிறது! வலதுபக்கத் தூண் தலைப்பில் ஒரு முகம், வாயிலிருந்து கொடி கொடியாகக் கிளம்புகிறது.

அப்புறம் தலையைத் தூக்குங்கள். கூரை விளிம்புக்குக் கீழே கட்டடத்தைச் சுற்றி வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் தாங்குகற்கள், 80-க்கும் மேல். ஒன்றில் காது தொங்கும் நாயும் அதற்கு அடியில் ஒரு முயலும். வேட்டைக்காரனும் இரையும் போலவே இல்லை, சிநேகிதர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கின்றன. இன்னொன்றில் இரண்டு கைகளாலும் தன் பெண்குறியை விரித்துக் காட்டும் ஒருத்தி, ஷீலா-நா-கிக் என்று பெயர். காமத்துக்கு எச்சரிக்கை, திருஷ்டி கழிக்க, பிள்ளை வரத்துக்கு என்று ஆளுக்கொரு விளக்கம். மூன்றையுமே அடித்துச் சொல்ல ஆதாரம் கிடையாது. எனக்கு அவள் முகத்தில் தெரிவது கொஞ்சம் குறும்புதான்.

கில்பெக்கைச் செதுக்கிய சிற்பிக் கூட்டத்தின் இன்னொரு வேலை அதே மாவட்டத்தில் ஷாப்டனில் இருந்தது. ஸ்பெயினில் சாந்தியாகோவுக்கு யாத்திரை போய்வந்த ஆலிவர் டி மெர்லிமாண்ட் என்பவர் கட்டியது. 1750-களில் அந்த எஸ்டேட்டின் பிரபு குடும்பம் அதை இடித்துவிட்டு, நாகரிகமாக ஒரு புதுத் தேவாலயம் கட்டிக்கொண்டது. பழைய வளைவுகளைத் தூக்கி எறியவில்லை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒரு மேட்டில் வெட்டவெளியில் நிறுத்திவைத்தார்கள். மேலே கூரை கிடையாது. மழை, உறைபனி, திரும்ப மழை. 1850 வாக்கில் ஒருவர் வரைந்துவைத்த படங்களைப் பார்த்தால்தான் அங்கே என்ன இருந்தது என்று தெரிகிறது, இப்போது கல்லில் தெரிவது தேய்ந்த மேடுபள்ளங்கள்.

கில்பெக் தப்பித்ததற்கு நல்ல கல் ஒரு காரணம். அந்த வாசலுக்கு முன்னால் 19-ஆம் நூற்றாண்டு வரை ஒரு மரத் தாழ்வாரம் இருந்து மழையைத் தடுத்தது இன்னொரு காரணம். மூன்றாவது என் கணிப்பு: ஊர் சுருங்கிப்போனது, இடித்துக் கட்டும் அளவுக்கு யாரிடமும் பணமோ ஆசையோ இல்லை.

போகிறவர்கள் பைனாகுலர் கொண்டுபோங்கள். காலையிலோ சாயங்காலமோ வெயில் சாய்வாக விழும் நேரமாகப் பார்த்துப் போனால் அந்தக் கால்சட்டை மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.