ப்ரீசெட் சேவ் செய்தாச்சு, பேக்கப் எங்கே?

[காட்சி: ரேக்கில் ஆடியோ ப்ராசசர். அதன் முகப்பில் டேப் ஒட்டி மார்க்கரால் ‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருக்கிறது.]

வணக்கம். பெங்களூரில் ஒரு சமூக வானொலியில் ஒலிப்பதிவு, ஒலிபரப்பு இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஏப்ரல் சாயங்காலம் இடி மழையில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது, ஒலியைச் சீர்செய்து டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்பும் பெட்டியான ப்ராசசரின் திரை அப்படியே உறைந்து நின்றது. அவசரத்தில் மெனுவுக்குள் போய் ரீசெட் கொடுத்தோம். பெட்டி எழுந்துகொண்டது. பழைய ப்ரீசெட்டும் (நாங்கள் சேமித்து வைத்திருந்த ஒலி அமைப்பு) பத்திரமாக இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை, அல்சூரில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா போன் செய்தார். “என்ன தம்பி, நேத்துலேருந்து எல்லாரும் சீறுற மாதிரியே பேசுறீங்க?”

அவர் காது சொன்னது சரி. அந்த ரீசெட், ப்ரீ-எம்ஃபசிஸை (அனுப்பும்போது உச்ச ஸ்தாயி ஒலியை எவ்வளவு தூக்குவது என்ற அளவு) 75 மைக்ரோசெகண்டுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தது. அமெரிக்காவில் அந்த அளவுதான். இந்திய எஃப்எம்முக்கு 50. நம் ஊர் ரேடியோ 50-க்குத் தக்கபடிதான் உச்ச ஸ்தாயி ஒலியைத் திரும்பத் தணிக்கும். நாம் 75-க்கு ஏற்றி அனுப்பினால் 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபல் தணியாமல் மிஞ்சிவிடும். ‘ச’வும் ‘ஸ’வும் காதில் கூசுவது அதனால்தான்.

சரி, ப்ரீசெட் பத்திரமாக இருந்தும் ஏன் இப்படி? பல பேர் தடுக்கி விழும் இடம் இது.

[காட்சி: ப்ராசசர் மெனு. முதலில் ப்ரீசெட் பக்கம், பிறகு சிஸ்டம் செட்டப் பக்கம்.]

பல ப்ராசசர்களில் ப்ரீசெட்டுக்குள் இருப்பது குரலின் நிறம் மட்டும்: ஈக்வலைசர், கம்ப்ரசர், லிமிட்டர். உள்ளே வரும் லெவல், டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் லெவல், ஸ்டீரியோ என்று ரேடியோவுக்குச் சொல்லும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட்டின் அளவு, ப்ரீ-எம்ஃபசிஸ், ஐபி முகவரி எல்லாம் சிஸ்டம் செட்டப்பில் தனியாகக் கிடக்கும். ப்ரீசெட்டை எத்தனை முறை சேவ் செய்தாலும் அவை அதில் சேராது. இவற்றில் எனக்குப் பெரிய பயம் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் லெவல்தான். அது ஏறினால் டீவியேஷனும் (ஒலிக்கேற்ப நம் அலைவரிசை இருபுறமும் விலகும் அளவு) ஏறும். அது 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது (மைக்ரோசெகண்டில் சொன்ன 75 வேறு, இது வேறு). தாண்டினால் பக்கத்து அலைவரிசைக்காரருக்கும் தொல்லை.

இன்னொன்று. தொழிற்சாலை ப்ரீசெட்டில் ஒரு குமிழைத் திருகி, ஒலி நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். புதுப் பெயர் கொடுத்து சேவ் செய்யுங்கள். பெயரில் தேதி இருக்கட்டும், வருடம் முன்னால் வரட்டும். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’ என்று வைத்தால் ஆறு மாதம் கழித்து எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.

அப்புறம், பெட்டிக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும். ப்ராசசர் நிறுவனமே தரும் ரிமோட் சாஃப்ட்வேரை லேப்டாப்பில் போட்டு, மொத்த பேக்கப் எடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபர்ம்வேர் (பெட்டிக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேர்) எந்த வெர்ஷன் என்பதையும் கூடவே எழுதி வையுங்கள். புது வெர்ஷனில் எடுத்த ஃபைலைப் பழைய வெர்ஷன் ஏற்காமல் போகலாம். நாங்கள் எஸ்.பி. ரோட்டில் இரண்டு பென்டிரைவ் வாங்கினோம். ஒன்று நிலையத்தில், இன்னொன்று என் வீட்டில்.

மிக்சருக்கும் இதே கதைதான். பெஹ்ரிங்கர் எக்ஸ்32-ல் 100 சீன் (சேமித்து வைக்கும் மிக்சர் அமைப்பு) வைத்துக்கொள்ள இடம் உண்டு. அவற்றை வெளியே எடுக்கும் பென்டிரைவை ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது, அதன் சீன் ஃபைல் வெறும் டெக்ஸ்ட் என்பதுதான். நோட்பேடில் திறந்து, போன மாத ஃபைலையும் இன்றைய ஃபைலையும் பக்கத்தில் வைத்தால், எந்த சேனலின் கெயினை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள் என்பது வரி வரியாகத் தெரிந்துவிடும்.

[காட்சி: போனில் மெனு பக்கங்களைப் படம் எடுக்கும் கை.]

ஃபைலாக எடுக்க வழியே இல்லாத பழைய பெட்டியா? ஒவ்வொரு மெனு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். உள்ளே காசு வடிவ லித்தியம் பேட்டரியை நம்பி மெமரி இருந்தால் அதன் வயதையும் விசாரியுங்கள். பேட்டரியைக் கழற்றினால் நினைவு போய்விடலாம், அதனால் படம் எடுத்த பிறகே கை வையுங்கள்.

கடைசியாக, எடுத்த பேக்கப்பை ஒரு முறை திரும்ப ஏற்றிப் பார்த்தே ஆக வேண்டும். போன மாதம் ஒலிபரப்பு முடிந்த இரவு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டுச் செய்தோம். ப்ரீசெட் வந்தது, லெவல் வந்தது, ப்ரீ-எம்ஃபசிஸ் 50-ல் நின்றது. ஐபி முகவரி மட்டும் வரவில்லை. அதைக் காகிதத்தில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.

[காட்சி: ரேக் கதவு திறக்கிறது. உள்ளே அந்தக் காகிதம்.]