மாஸ்டர் ஊரில் இல்லாத நாளில்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். டேக்வாண்டோ பிளாக் பெல்ட்டுக்குப் பயிற்சிப் பள்ளியே தரும் சான்றிதழ் போதுமா, சியோலில் உள்ள தலைமையகமான குக்கிவானின் சான்றிதழ் வேண்டுமா என்பதுதான் இன்றைய விவாதம். குக்கிவான் சான்றிதழ் வேண்டும் என்பது எங்கள் அணி.

எதிரணித் தோழி உருக்கமாகக் கேட்டார்: "நான் சிந்திய வியர்வையைப் பார்த்தவர் என் மாஸ்டர். என் உதையை ஒருநாளும் பார்க்காத சியோல்காரர்களின் சான்றிதழ் எனக்கு எதற்கு?"

குக்கிவானில் இருப்பவர்கள் பார்க்கவில்லை, சரி. ஆனால் குக்கிவான் சான்றிதழ் வானத்திலிருந்து விழுவதில்லை. நான்காம் டானோ (டான் என்பது பிளாக் பெல்ட்டின் படிநிலை) அதற்கு மேலோ உள்ள ஒரு மாஸ்டர் பரிந்துரைத்தால்தான் வரும். அதாவது, பார்த்தவரின் சொல் அதிலும் இருக்கிறது. கூடவே ஒரு பதிவெண்ணும் இருக்கிறது. நாங்கள் வாதாடுவது அந்த எண்ணுக்காகத்தான்.

என் வகுப்புக்கு 16 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினாள். தங்கநிற ஓரம், பள்ளியின் முத்திரை, மாஸ்டரின் கையெழுத்து. 13 வயதில் வாங்கிய பிளாக் பெல்ட். அதிலிருந்த தொலைபேசி எண்ணை அழைத்தேன், உபயோகத்தில் இல்லை. பள்ளியையே மூடிவிட்டார்களாம். பிளாக் பெல்ட்காரர்கள் செய்யும் கொர்யோ பூம்சே என்ற அசைவு வரிசையைச் செய்யச் சொன்னேன். ஒரு தப்படி பிசகவில்லை! அவள் பிளாக் பெல்ட்தான், என் கண்ணுக்குத் தெரிந்தது. போட்டிக்கான படிவத்துக்குத் தெரியவில்லையே. அது குக்கிவானின் டான் பதிவெண்ணைக் கேட்டது. பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய சிவப்பு பெல்ட் பிள்ளைகளோடு வரிசையில் நின்று மறுபடி முதல் டான் தேர்வு எழுதினாள். 13 வயதிலேயே குக்கிவானின் பூம் சான்றிதழ், அதாவது சிறுவர்களுக்கான பிளாக் பெல்ட் சான்றிதழ், வாங்கியிருந்தால், 15 வயதானதும் அதை டானாக மாற்றியிருக்கலாம். மூன்று வருடம், நடுவர் அவர்களே, கணக்கில் வராமலே போனது.

ஒரு காலத்தில் கொரியாவிலேயே ஒவ்வொரு குவானும், அதாவது ஒவ்வொரு பயிற்சிப் பள்ளி மரபும், தனித்தனியாகத்தான் டான் கொடுத்தது. 1972-இல் குக்கிவான் கட்டி, பிறகு டான் வழங்குவதை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஐ.டி.எஃப் என்ற வேறொரு சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பின் வழியில் பயில்பவர்களுக்கு அந்த அமைப்பின் சான்றிதழ் உண்டு. அதையும் எங்கள் அணி மதிக்கிறது.

தகுதியில்லாதவரை ஒரு மாஸ்டர் பரிந்துரைத்துவிட்டால்? நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதே மாஸ்டர் தன் பள்ளியிலேயே அச்சடித்துக் கொடுத்தால் மட்டும் அது சரியாகிவிடுமா?

மாஸ்டர்களே, உங்கள் சான்றிதழையும் கொடுங்கள், பிள்ளைகள் அதைச் சுவரில் மாட்டட்டும். ஆனால் கிரேடிங் எனும் பெல்ட் தேர்வுக்கான கட்டணம் வாங்கும் முன்பே, கிடைக்கப்போவது எந்தச் சான்றிதழ் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

நன்றி, வணக்கம்.