மர நாக்கைப் பேச வைக்கலாம்: டாக்ஸஃபோன் செய்யும் முறை

[திரையில்: மேசை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய மரச் சட்டம். அதன் விளிம்பில் வில் உரசுகிறது.]

இந்தச் சத்தம் முழுக்க ஒரே ஒரு மரச் சட்டத்துலேர்ந்து வருது. கம்பி இல்ல, தோல் இல்ல, ஊதவும் வேண்டாம். ஆனா முனகுது, குறட்டை விடுது, சில நேரம் யாரோ பக்கத்து அறையில சண்டை போடுற மாதிரியே கேக்குது. இதுக்குப் பேரு டாக்ஸஃபோன். ஜெர்மன் கிடார் கலைஞர் ஹான்ஸ் ரைஷல் 1980-கள்ல உருவாக்கினது. அவரு எழுத்துரு வடிவமைப்பாளரும்கூட. டாக்ஸ்ங்கிற எழுத்துரு அவர் செஞ்சதுதான்.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடலாம், ஏன்னா அளவெல்லாம் அதுலேர்ந்துதான் வருது. சட்டத்தோட ஒரு முனையை இறுக்கிட்டோம், மறு முனை சும்மா நீட்டிக்கிட்டு இருக்கு. இப்படி இருக்கிற சட்டத்தோட அதிர்வெண் தடிமனுக்கு நேர் விகிதத்துலயும், நீளத்தோட வர்க்கத்துக்கு எதிர் விகிதத்துலயும் மாறும். கம்பியை பாதியாக்கினா ஒரு ஸ்தாயி ஏறும். நாக்குன்னு நாம சொல்லப்போற இந்தச் சட்டத்தைப் பாதியாக்கினா ரெண்டு ஸ்தாயி ஏறிடும். 5 மில்லிமீட்டர் தடிமன்ல, 25 சென்டிமீட்டர் வெளிய நீட்டுற மேப்பிள் சட்டத்தோட அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 55 ஹெர்ட்ஸ். அதுக்கு மேல வர்ற அடுத்த அதிர்வு ரெண்டு மடங்கு இல்ல, 6.27 மடங்கு. கம்பிக் கருவிகள் மாதிரி சீரான மடங்குகள் இங்க கிடையாது. அந்த வினோதக் குரலுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

[திரையில்: பாகங்கள் ஒவ்வொன்றாக.]

நாக்குக்கு 33 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு கடின மரச் சட்டம். மர நரம்பு நீளவாக்குல ஓடணும். பிளைவுட் வேண்டாம். அதுல பாதி அடுக்கு குறுக்க ஓடும், நடுவுல பசை வேற. சத்தம் செத்துப் போயிடும். அடிக்கட்டைக்கு 20 சென்டிமீட்டர் நீளம், 8 அகலம், 4 உயரத்துல இன்னொரு கடின மரக்கட்டை. 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு இரும்புப் பட்டை, ரெண்டு எம்6 போல்ட், விங் நட். அதிர்வை மின் சைகையா மாத்துற 27 மில்லிமீட்டர் பீசோ தகடு ஒண்ணு, 6.35 மில்லிமீட்டர் மோனோ ஜாக், கவசம் போட்ட ஒயர், கொஞ்சம் செப்புத் தகட்டு டேப். கட்டையை மேசையோட பிடிக்க சி-கிளாம்ப் ரெண்டு. வாசிக்க ஒரு செலோ வில், அது வழுக்காம இருக்கப் பூசுற ரோசின் பிசின்.

அடிக்கட்டையிலதான் பெரும்பாலானவங்க கோட்டை விடுறாங்க. நாக்கு வெளிய கிளம்புற அந்த முன் விளிம்பு கூர்மையா, சரியான செங்கோணத்துல இருக்கணும். அழகா இருக்கட்டும்னு அந்த ஓரத்தை மணல்தாள் போட்டு உருட்டிடாதீங்க. உருட்டினா நாக்கு கீழ போகும்போது ஒரு நீளம், மேல வரும்போது இன்னொரு நீளம்னு ஆயிடும். ஸ்வரம் அலையும், கூடவே ஒரு கரகரப்பு சேந்துக்கும். மேல வைக்கிற இரும்புப் பட்டையும் அதே விளிம்போட நேரா முடியணும். போல்ட் ரெண்டும் நாக்குக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, 5 சென்டிமீட்டர் இடைவெளியில. 33-ல 8 சென்டிமீட்டர் உள்ள, 25 வெளிய. நடுவுல தோல், ரப்பர், ஃபெல்ட் எதுவும் வைக்காதீங்க. மரம் மரத்தோட நேரா உக்காரணும்.

[திரையில்: கட்டையைத் திருப்பி, அடியிலிருந்து துளை போடும் காட்சி.]

பீசோவை நாக்குக்கு அடியில நேரா வச்சு இறுக்கினா அதுல இருக்கிற பீங்கான் படலம் விரிசல் விடும். அதனால கட்டைக்குக் கீழேர்ந்து 30 மில்லிமீட்டர் ஃபோர்ஸ்ட்னர் பிட்டால (தட்டையான அடியோட துளை போடுற பிட்), முன் விளிம்புக்குப் பக்கத்துல 32 மில்லிமீட்டர் ஆழம் துளைங்க. மேல 8 மில்லிமீட்டர் மரம் மிச்சம் இருக்கும். பிட்டோட நடு முனை அந்தக் கூரையில ஒரு சின்னக் குழி போட்டிருக்கும். அதை எபாக்ஸியால நிரப்பி, தேச்சுச் சமப்படுத்திட்டு, தகட்டோட பித்தளைப் பக்கத்தை அங்க ஒட்டுங்க. எபாக்ஸி இல்லேன்னா சூப்பர் க்ளூ, அதுவும் மெல்லிசா. ஹாட் க்ளூவும் ரெட்டைப் பக்க டேப்பும் மெத்து மெத்துன்னு இருக்கிறதால மேல் அதிர்வுகளைக் குடிச்சிடும்.

ஒயர் வச்ச தகடாவே வாங்கிடுங்க. பீங்கான் மேல சால்டரிங் அயர்னை ரொம்ப நேரம் வச்சா அந்தப் படலம் உரிஞ்சு வரும், அதோட மின் குணமும் போயிடும். பித்தளைப் பக்கத்து ஒயர் ஜாக்கோட தரை (கிரவுண்ட்) காலுக்கு, பீங்கான் பக்கத்து ஒயர் முனை (டிப்) காலுக்கு. அப்புறம் துளையோட வாயைச் செப்பு டேப்பால மூடி, அதையும் தரையோட சேத்துடுங்க. செப்பு ஒயர் முனையையோ பீங்கானையோ தொடக்கூடாது. இதை விட்டுட்டா ஸ்பீக்கர்ல இடைவிடாத ஒரு இரைச்சல்.

இப்ப எங்க சொருகுறதுங்கிற கேள்வி. "பீசோன்னாலே தகர டப்பா சத்தம்தான்"னு ஒரு பேச்சு உண்டு. அநியாயம். 27 மில்லிமீட்டர் தகட்டோட மின்தேக்கம் சுமார் 20 நானோஃபாரட். அதை 10 கிலோ ஓம் இருக்கிற மிக்சரோட லைன் உள்ளீட்டுல சொருகினா, தகடும் மின்தடையும் சேந்து ஒரு வடிகட்டியா மாறி, 800 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாத்தையும் தேய்ச்சுடும். நம்ம நாக்கு 55-ல இருக்கு! அதே தகட்டை 1 மெகா ஓம் உள்ளீட்டுல கொடுத்தா அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிடும். கிடார் ஆம்ப், ஆடியோ இன்டர்ஃபேஸ்ல இருக்கிற கிடார் உள்ளீடு, ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கருவியோட சைகையை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி), இல்லேன்னா ஒரு சின்ன ஜேஃபெட் பஃபர் (டிரான்சிஸ்டர் வச்ச இடைச் சுற்று), இதுல எது இருந்தாலும் போதும்.

[திரையில்: வளைந்த அடிப்பாகமுள்ள ஒரு மரக்கட்டை நாக்கின் மேல் உருள்கிறது.]

நாக்கு மேல அழுத்தி உருட்டி ஸ்வரத்தை மாத்துறது இந்தக் கட்டை. இதுக்குப் பேரே டாக்ஸ். 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு, ரெண்டு ஓரமும் நடுவை விட 1 சென்டிமீட்டர் உயர்ற மாதிரி இழைச்சா 50 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளைவு கிடைக்கும். ஒரு பக்கம் வழவழப்பா விடுங்க, ஸ்வரம் வழுக்கிக்கிட்டே போகும். மறு பக்கம் மெட்டுக் கம்பி (கிடார் கழுத்துல குறுக்க இருக்குமே, அது) பதிச்சா படிப்படியா ஏறும். கிடார் மெட்டுக் கணக்கை இங்க போடாதீங்க. நீளத்தோட வர்க்கம்னு சொன்னோமில்ல, அதனால ஒரு அரை ஸ்வரத்துக்கு நீளத்தை 0.9715-ஆல பெருக்கணும். 25 சென்டிமீட்டர்லேர்ந்து முதல் படி 7 மில்லிமீட்டர், ஒரு ஸ்தாயி 17.7-லயே முடிஞ்சுடும். கையால அழுத்துற கட்டை போல்ட் அளவுக்கு இறுக்கிப் பிடிக்காது. அதனால இந்தக் கணக்கை வச்சுக் கோடு போட்டுட்டு, காதால கேட்டுச் சரிபண்ணுங்க.

வில்லைச் செங்குத்தாப் பிடிச்சு, நாக்கோட பக்கவாட்டு விளிம்புல மேலயும் கீழயும் இழுக்கணும். படுக்கைவாட்டுல இழுத்தா நாக்கு தன்னோட விறைப்பான திசையில மாட்டிக்கும், சத்தமே வராது. இழுக்கிற இடமும் முக்கியம். நுனியிலேர்ந்து ஏறக்குறைய 5.4 சென்டிமீட்டர்ல ரெண்டாவது அதிர்வோட அசையாப் புள்ளி இருக்கு. அங்க இழுத்தா அந்த அதிர்வு எழும்பாது, நுனிக்கு நகர்ந்தா வந்துடும். வில் வழுக்கிக்கிட்டே போனா விளிம்புல வார்னிஷ் இருக்கும்; தேச்சு எடுத்துட்டு, விளிம்புலயே ரோசின் பூசுங்க.

ஸ்வரத்தை நிரந்தரமா மாத்தணும்னா இழைப்புளியை எடுங்க. நுனியில மெலிய வச்சா எடை குறைஞ்சு ஸ்வரம் ஏறும். பிடிப்புக்குப் பக்கத்துல மெலிய வச்சா விறைப்பு குறைஞ்சு இறங்கும். ரெண்டு மூணு தடவை இழைச்சதும் கேட்டுப் பாத்துக்குங்க, எடுத்த மரத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. ஓரத்தை அலையலையா வெட்டலாம், நடுவுல துளை போடலாம், நுனியை அகலமா விடலாம். ரைஷலே விதவிதமான வடிவத்துல நாக்குகள் செஞ்சாரு. போல்ட்டைத் தளர்த்தி ஒண்ணை உருவி இன்னொண்ணைச் சொருகினா குரலே மாறிடும்.

ஒலியைக் கூட்டும்போது மட்டும் ஊளை கிளம்புதுன்னா ஸ்பீக்கர் அதே மேசை மேல இருக்கான்னு பாருங்க. அதைத் தரையில இறக்கிவச்சு, கருவியைப் பாக்காம வேற பக்கம் திருப்புங்க. அப்பவும் அடித்தொண்டையில உறுமிக்கிட்டே இருந்தா ஆடுறது மேசைதான். சி-கிளாம்ப்பை மேசைக் காலுக்கு நேர் மேல மாத்திப் பூட்டுங்க.