மாக்ஸ் ஓஃபுல்ஸ்: நாடு நாடாகப் போனவர், கூடவே வியன்னாவையும் கொண்டுபோனவர்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு முழுக்க ஒரே ஒரு இயக்குநரைப் பற்றித்தான் பேச்சு. மாக்ஸ் ஓஃபுல்ஸ். ஜெர்மனி, இத்தாலி, ஹாலந்து, பிரான்ஸ், அமெரிக்கா என்று ஐந்து நாடுகளில் படம் எடுத்தவர். ஸ்விட்சர்லாந்தில் ஆரம்பித்த ஒரு படம் பாதியில் நின்றுபோனது, அதையும் சேர்த்தால் ஆறு. முடிவைச் சொல்லாமல் இவருடைய படங்களைப் பற்றிப் பேச முடியாது. படம் பார்க்கும் முன்பே கதை தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

1933-இல் ஜெர்மனியில் வெளிவந்த 'லீபலாய்' படத்தில் ஃப்ரிட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி துப்பாக்கிச் சண்டைக்குப் போகிறான். 'டூயல்' என்பார்களே, இரண்டு பேர் எதிரெதிரே நின்று முறை வைத்துச் சுடுவது, அது. எதிராளி, அவன் முன்பு பழகிய ஒரு பெண்ணின் கணவன். அந்தச் சண்டையை ஓஃபுல்ஸ் நமக்குக் காட்டவே மாட்டார். ஃப்ரிட்ஸின் நண்பன் தூரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்கிறான். ஒரு வெடிச் சத்தம். அடுத்தது ஃப்ரிட்ஸின் முறை, அந்தச் சத்தத்துக்காக நண்பன் காத்திருக்கிறான். அது வரவே இல்லை.

இருபது வருடம் கழித்து, 1953-இல், பிரான்ஸில் 'மதாம் த...' எடுக்கிறார். மொழி வேறு, நடிகர்கள் வேறு, கதை வேறு. அங்கேயும் ஒரு துப்பாக்கிச் சண்டை. கதாநாயகி லூயிஸ் மேட்டில் ஏறி ஓடுகிறாள். முதல் வெடி கேட்கிறது. இரண்டாவது வெடிக்காக நிற்கிறாள். அதுவும் வரவில்லை. நடுவில் ஹாலிவுட்டில் எடுத்த 'லெட்டர் ஃப்ரம் அன் அன்நோன் வுமன்' படமோ, கதாநாயகன் துப்பாக்கிச் சண்டைக்குக் கிளம்புவதோடு முடிந்துவிடுகிறது.

இந்த இருபது வருடத்தில் அவர் எத்தனை எல்லைகளைத் தாண்டினார் என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

1902-இல் சார்ப்ரூக்கன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிரெஞ்சு எல்லையை ஒட்டிய ஜெர்மன் ஊர். நாடகத்துக்குப் போனபோது பெயரை மாற்றிக்கொண்டார், குடும்பப் பெயர் ஓப்பன்ஹைமர். 1926-இல் வியன்னாவின் புகழ்பெற்ற பூர்க் தியேட்டரில் இயக்குநராகச் சேர்ந்தார், ஆனால் அங்கே நீண்ட நாள் இருக்க முடியவில்லை. அவருடைய படங்களைப் பார்த்தால் வியன்னாவில் பிறந்து வளர்ந்தவர் என்றே தோன்றும். உண்மையில் அந்த ஊரில் அவர் வாழ்ந்தது கொஞ்ச காலம்தான்.

'லீபலாய்', வியன்னா எழுத்தாளர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லரின் நாடகம். படம் வெளியான சமயத்தில்தான், 1933 பிப்ரவரி 27 அன்று, பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. நாஜிகள் பிடியை இறுக்கினார்கள். ஓஃபுல்ஸ் குடும்பத்தோடு பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். படம் ஜெர்மனியில் ஓடியது, டைட்டிலில் அவர் பெயர் இல்லை. இந்த ஒரு தகவலை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஜெர்மானிய ரசிகர்கள் அந்தப் படத்தைப் பார்த்து அழுதிருக்கிறார்கள், அதை எடுத்தவனின் பெயரை மட்டும் பார்க்க விடவில்லை.

அடுத்த சில வருடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1934-இல் இத்தாலியில் ஒரு படம், 1936-இல் ஹாலந்தில் ஒரு படம், மற்றவை பிரான்ஸில். 1938-இல் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் மறுபடி ஓட்டம். ஸ்விட்சர்லாந்தில் நடிகர் லூயி ஜூவேயோடு தொடங்கிய படம் நின்றது. 1941-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே வருடக்கணக்கில் வேலையே இல்லை. 1946-இல் ஒரு படம் கிடைத்தது, தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸ் அதிலிருந்து தூக்கிவிட்டார். ஹாலிவுட்டில் அவர் முடித்த முதல் படம் 1947-இல் வந்தது. நாட்டை விட்டு ஓடி ஹாலந்தில் ஒளிந்து வாழும் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸின் கதை. கதை எங்கேயிருந்து எங்கே வந்து சேர்கிறது பாருங்கள்.

சரி, இப்போது நான் நிறுத்தி நிதானமாகப் பேச விரும்பும் படம், 1948-இல் வந்த 'லெட்டர் ஃப்ரம் அன் அன்நோன் வுமன்'. ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய குறுநாவல். வியன்னாவில் பியானோ கலைஞன் ஒருவனை, பக்கத்துக் குடியிருப்பில் வளர்ந்த லிசா என்ற பெண் வாழ்நாள் முழுவதும் நேசிக்கிறாள். அவனுக்கோ அவள் யாரென்றே நினைவில் நிற்பதில்லை. முழுக்க அமெரிக்க ஸ்டுடியோவில் எழுப்பிய வியன்னா. ஒளிப்பதிவாளர் யார் தெரியுமா? ஃப்ரான்ஸ் ப்ளானர். 'லீபலாய்' படத்தை ஒளிப்பதிவு செய்த அதே மனிதர். அவரும் ஐரோப்பாவை விட்டு வெளியேறி அங்கே வந்திருந்தார். பதினைந்து வருடம் முன்பு பெர்லினில் வியன்னாவைப் படம் பிடித்த இரண்டு பேர், கலிஃபோர்னியாவில் மறுபடியும் அதே ஊரை உருவாக்குகிறார்கள்.

ஓஃபுல்ஸின் கேமரா எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். அவருடைய இரண்டு படங்களில் நடித்த ஜேம்ஸ் மேசன், கேமரா நகர ட்ராலி தண்டவாளம் போடாத ஷாட் என்றால் மாக்ஸுக்கு வேதனை என்று ஒரு சின்னக் கவிதையே எழுதினார். அதெல்லாம் வெறும் அலங்காரம் என்று சொன்ன விமர்சகர்களும் உண்டு. அவர்களுக்கு நான் இந்தப் படத்தின் மாடிப்படியைத்தான் காட்டுவேன். சின்னப் பெண் லிசா படியின் மேல்தளத்தில் அவனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் வேறொரு பெண்ணோடு சிரித்துக்கொண்டே ஏறி வருகிறான். கேமரா லிசாவுக்குப் பின்னால் மேலே நிற்கிறது, அவளோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம். சில வருடம் கழித்து அவன் லிசாவையே அதே படியில் அழைத்து வருகிறான். கேமரா அதே மேல்தளத்தில், அதே கோணத்தில். இந்த முறை அங்கே யாரும் இல்லை. அவளுடைய இடத்தில் நாம் மட்டும் நிற்கிறோம். அவள் அவ்வளவு காலம் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, அதே சமயம் அவளும் அவன் அழைத்துவரும் பெண்களில் ஒருத்தி ஆகிவிட்டாள். இரண்டையும் ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிடுகிறார். இது அலங்காரமா?

இன்னொரு காட்சி. வியன்னாவின் ப்ராட்டர் பூங்காவில், ஓடாத ரயில் பெட்டி ஒன்றில் இருவரும் உட்கார்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே வெனிஸ், ஸ்விட்சர்லாந்து என்று வரைந்த திரைகள் நகர்கின்றன. ஒரு முதியவர் பெடல் மிதித்து அவற்றை நகர்த்துகிறார். கடைசியில் நாடுகள் எல்லாம் தீர்ந்துபோகின்றன. அப்படியானால் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்போம் என்று அவன் காசு கொடுக்கிறான். நாடு நாடாக ஓடிவந்த ஒரு மனிதர் இந்தக் காட்சியை எடுத்தார் என்பதை மறந்துவிட்டு என்னால் இதைப் பார்க்கவே முடிவதில்லை. என்னைக் கேட்டால் இதுதான் அவருடைய மிகச் சிறந்த படம். பிரெஞ்சுப் படங்களைத்தான் பலரும் மேலே வைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

போர் முடிந்து பிரான்ஸுக்குத் திரும்பியவர், 1950-இல் 'லா ரோந்த்' எடுத்தார். மறுபடி ஷ்னிட்ஸ்லர், மறுபடி வியன்னா, இந்த முறை பாரிஸ் ஸ்டுடியோவில். ஆனால் இந்தத் தடவை ஒளிவுமறைவே இல்லை. கதை சொல்லியாக வரும் ஆன்டன் வால்ப்ரூக் நாடக மேடையிலிருந்து இறங்கி, ஸ்டுடியோ கருவிகளைத் தாண்டி நடந்து, உடை மாற்றிக்கொண்டு, 1900-ஆம் வருட வியன்னாவுக்குள் நுழைகிறார். நீளமான ஒரே ஷாட். வால்ப்ரூக் வியன்னாவில் பிறந்தவர், நாஜிகளால் இங்கிலாந்தில் குடியேறியவர். படத்தில் வரும் வால்ட்ஸ் நடன இசையைப் போட்ட ஆஸ்கர் ஸ்ட்ராஸும் வியன்னாக்காரர்தான், அவரும் ஊரை விட்டுப் போக நேர்ந்தவர். அப்புறம், இந்தப் படத்தை நியூயார்க் தணிக்கை தடுத்தது, அந்தத் தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-இல் செல்லாது என்றது.

கடைசிப் படம் 'லோலா மோன்டெஸ்', 1955. பவேரிய மன்னனின் காதலியாக இருந்த நடனக்காரியை, சர்க்கஸில் காசுக்குக் காட்சிப் பொருளாக்குகிறார்கள். வண்ணம், சினிமாஸ்கோப், பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என்று மூன்று மொழிப் பதிப்புகள். கதை முன்னும் பின்னுமாகப் போகிறது. பாரிஸ் ரசிகர்கள் கோபப்பட்டார்கள். கோக்தோ, ரொசெல்லினி, ழாக் தாத்தி போன்ற இயக்குநர்கள் படத்துக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். ஆனாலும் தயாரிப்பாளர்கள் படத்தை வெட்டி, காலவரிசைப்படி அடுக்கிவிட்டார்கள். ஓஃபுல்ஸ் 1957 மார்ச்சில் ஹாம்பர்கில் இறந்துபோனார், 54 வயது. அங்கே ஒரு நாடகம் இயக்கத்தான் போயிருந்தார். அவர் திட்டமிட்டிருந்த அடுத்த படத்தை இயக்குநர் ழாக் பெக்கர் எடுத்து முடித்து அவருக்கே சமர்ப்பித்தார்.

எந்த வரிசையில் பார்க்கலாம் என்றால், முதலில் 'லெட்டர் ஃப்ரம் அன் அன்நோன் வுமன்'. பிறகு 'மதாம் த...', அதற்குப் பிறகு 'லீபலாய்'. இந்த மூன்றையும் நெருக்கமாகப் பாருங்கள், அந்த வராத இரண்டாவது சத்தம் நன்றாகக் கேட்கும். 'லோலா மோன்டெஸ்' பார்ப்பதென்றால் பாரிஸின் திரைப்படக் காப்பகமான சினிமாதெக் பிரான்சேஸ் சீரமைத்து 2008-இல் வெளிவந்த பிரதியைத் தேடிப் பாருங்கள். பழைய வெட்டுப்பட்ட பிரதிகளில் அவர் வைத்த வரிசையே இருக்காது.