பழைய பாய்லர் ஓடும்போதே அளந்துவிடுங்கள்

வணக்கம் நேயர்களே. கடுங்குளிர் அடிக்கும் ஊர்களில் பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் வந்தே தீரும் ஒரு பெரிய செலவைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். வீட்டைச் சூடாக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியாக அறைகளுக்கு அனுப்புகிற பாய்லருக்கு வயதாகிவிட்டது, உதிரிப் பாகம் கிடைப்பதில்லை, மாற்றியாக வேண்டும். எதை வாங்குவது? மறுபடி கேஸ் பாய்லரா, இல்லை வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுக்கிற ஹீட் பம்பா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் நேரங்கெட்ட நேரத்தில்தான் வருகிறது. உறைபனி நாளில் பாய்லருக்கு வேலை அதிகம், அதனால் அது படுப்பதும் பெரும்பாலும் அன்றுதான். குழந்தைகள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும்போது யார் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்? வருகிற மெக்கானிக், "இதே அளவில் ஒன்று இருக்கிறது, நாளைக்கே மாட்டிவிடலாம்" என்பார். நாமும் தலையாட்டிவிடுவோம். அப்புறம் பதினைந்து, இருபது வருடத்துக்கு அதே எரிபொருள், அதே தவறான அளவு.

அதனால் நான் சொல்ல வந்தது இதுதான்: பழைய பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வைத்து வீட்டை அளந்துவிடுங்கள். அதைவிட நல்ல அளவுகருவி உங்களுக்குக் கிடைக்காது.

முதலில், வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும்? பாய்லர் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் 24 கிலோவாட், 30 கிலோவாட் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் பாய்லர் மாட்டியவர், பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாதென்று கொஞ்சம் கூட்டிப் போட்டிருப்பார். குழாயைத் திறந்ததும் வெந்நீர் தரும் வகை என்றால், அந்த 24 கிலோவாட் குளியலுக்காக வைத்தது. அறைகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் ஜன்னல்களை மாற்றியிருப்பீர்கள், கூரைக்கடியில் பஞ்சு விரித்திருப்பீர்கள். வீட்டின் தேவை இறங்கியிருக்கும். தகடு அப்படியே இருக்கும்.

நல்ல குளிர் நாளாகப் பார்த்து, காலையில் கேஸ் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி பாருங்கள். 20 கன மீட்டர் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி சூடு இருக்கிறது, ஆக 200. பழைய பாய்லர் அதில் 15 சதவீதத்தைப் புகைபோக்கி வழியாக விட்டுவிட்டால் வீட்டுக்குள் வந்தது 170. அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் 7 கிலோவாட். சமையலுக்கும் குளியலுக்கும் போனதைக் கழித்தால் இன்னும் குறையும். அன்றைக்கு வெளியே பூஜ்யம், உள்ளே 20 டிகிரி. உங்கள் ஊரில் மிஞ்சிப்போனால் மைனஸ் 10 வரை போகும் என்றால், வித்தியாசம் 20 டிகிரியிலிருந்து 30 ஆகிறது. அந்த நாளுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது பத்தரை கிலோவாட். தகட்டில் 30 என்று இருக்கும் வீட்டுக்கு இவ்வளவுதான் தேவை! அளவுக்கு மீறின பாய்லர் ஐந்து நிமிடம் எரியும், அணையும், திரும்ப எரியும். எரிபொருளும் வீண், பாகங்களும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

இரண்டாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாய்லரிலிருந்து, அறையைச் சூடாக்கும் இரும்புப் பலகையான ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு பாய்லரின் முகப்பிலேயே இருக்கும். அது பெரும்பாலும் 70, 75 டிகிரியில் நிற்கும். குளிர் அதிகமான வாரத்தில் அதை 55க்கு இறக்குங்கள். ரேடியேட்டர் வால்வுகளை எல்லாம் முழுக்கத் திறந்து வைத்து, ராத்திரியிலும் ஹீட்டிங்கை அணைக்காமல் இரண்டு மூன்று நாள் ஓட விடுங்கள். வெந்நீர்த் தொட்டி இருந்தால் அதன் சூட்டை மட்டும் குறைக்காதீர்கள். அதை 60க்குக் கீழே வைத்தால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளர வாய்ப்பு உண்டு.

ஹீட் பம்ப் சூடு குறைந்த தண்ணீரில்தான் சிக்கனமாக ஓடும். அதனால் அறைகள் 20 டிகிரிக்கு வந்து நின்றால், ரேடியேட்டர்களைப் பொறுத்தவரை உங்கள் வீடு அதற்குத் தயார். அதற்கு மேல் விற்பனையாளர் யாரும் "பழைய வீட்டுக்கு ஒத்துவராது" என்று உங்களிடம் சொல்ல முடியாது. ஒன்றிரண்டு அறை மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்த அறைகளின் ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் போதும். 75 டிகிரி தண்ணீரில் 1000 வாட் தருகிற ரேடியேட்டர் 55 டிகிரியில் சுமார் 500 வாட்தான் தரும். அதே நீளத்தில் தடிமனான ஒன்றைப் போட்டால் அந்தக் குறையைப் பெருமளவு சரிக்கட்டிவிடலாம். வீடு முழுக்கக் குளிர்ந்தால், பணத்தை முதலில் கூரையின் இன்சுலேஷனிலும் கதவு ஜன்னல் இடுக்குகளிலும் போடுங்கள். சூடான காற்று மேலே போய்த் தப்பிக்கும் வழி அங்கேதான் இருக்கிறது.

இந்த 55 என்ற எண் கேஸ் பாய்லருக்கும் முக்கியம். கண்டென்சிங் பாய்லர் என்று இன்று விற்பவை, புகையில் இருக்கும் நீராவியைத் தண்ணீராக்கி அதன் சூட்டையும் பிடித்துக்கொள்பவை. திரும்பி வருகிற தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 75இல் ஓட்டினால் அதிகக் காசு கொடுத்து வாங்கிய அந்த வசதி சும்மா கிடக்கும். இப்படி ஓட்டுகிற வீடுகள் ஏராளம்.

ஹீட் பம்ப் வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து வீட்டுக்குள் ஏற்றுகிறது. ஒரு பங்கு மின்சாரத்துக்கு, வருட சராசரியில் மூன்று பங்கு சூடு என்பது நல்ல வேலை. அனுப்புகிற தண்ணீரின் சூட்டை ஒவ்வொரு டிகிரி குறைக்கும்போதும் மின்செலவு ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் இறங்கும். இது நேற்று முளைத்த கருவியும் இல்லை. சூரிச் நகரின் ராட்ஹவுஸ் என்ற மன்றக் கட்டடம் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. 1938 முதல் அதை லிம்மாட் ஆற்றிலிருந்து சூட்டை எடுக்கிற ஹீட் பம்ப் ஒன்று சூடாக்கியது. ஆற்றுத் தண்ணீர் உறைபனிக் காற்றைவிடத் தாராளமாகச் சூடு தரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய வீட்டில் உண்மையான சிக்கல் குழாயில் இருக்கலாம். பாய்லர் தண்ணீரை 70இல் அனுப்பி 50இல் திரும்ப வாங்கும், இருபது டிகிரி வித்தியாசம். ஹீட் பம்ப் ஐந்து டிகிரி வித்தியாசத்தில்தான் நன்றாக ஓடும். அப்படியென்றால் அதே சூட்டுக்கு நான்கு மடங்கு தண்ணீர் ஓட வேண்டும். 7 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் போன இடத்தில் 20 லிட்டர். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத 8 மில்லிமீட்டர் குழாயில் அது போகாது, சத்தம்தான் வரும். தரைக்கடியிலும் சுவரோரத்திலும் என்ன குழாய் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தண்ணீருக்குப் பதில் நீராவியே ஓடுகிற மிகப் பழைய வீடு என்றால் கதை வேறு. குழாய் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும், அல்லது அறைக் காற்றையே நேரடியாகச் சூடாக்கும், சுவரில் மாட்டும் ஹீட் பம்புக்குப் போக வேண்டியிருக்கும்.

பழைய குழாய்களின் மேல் சுண்ணாம்புக் கட்டு மாதிரி வெள்ளையாக ஏதாவது சுற்றியிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். மூச்சில் போனால் ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் நாராக இருக்கலாம். பரிசோதிக்காமல் யாரும் அதன்மேல் கை வைக்கக் கூடாது. புகைபோக்கியையும் மறக்க வேண்டாம். புதுப் பாய்லரின் புகை ஈரமானது, அமிலத்தன்மை உள்ளது. செங்கல் புகைபோக்கியை உள்ளே குழாய் விடாமல் அப்படியே பயன்படுத்தினால் சுண்ணாம்புக் காரை அரித்துப்போகும். ஜன்னல் இடுக்குகளை அடைத்த வீட்டில் எரிகிற கருவி எது இருந்தாலும் அதற்குக் காற்று வர வழி வேண்டும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கசிந்தால் எச்சரிக்கும் அலாரமும் வேண்டும்.

கொட்டேஷன் கொடுக்க வருபவரிடம் உங்கள் மீட்டர் கணக்கைக் காட்டுங்கள். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டாரா, எந்தச் சூட்டுத் தண்ணீருக்கு இந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தார், ரேடியேட்டர்களுக்குத் தண்ணீரைச் சமமாகப் பிரித்துவிடும் வேலை இந்தத் தொகையில் அடங்குமா என்று கேளுங்கள். இந்தக் கடைசி வேலையைப் பலரும் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு ரேடியேட்டரின் அடிமூலையிலும் மூடி போட்ட சின்ன வால்வு ஒன்று இருக்கும். அதைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று சரிசெய்ய ஒரு நாள் ஆகும், பொறுமையும் வேண்டும். ஹீட் பம்ப் என்றால், வெளியே வைக்கும் அதன் பெட்டியிலிருந்து வடிகிற தண்ணீர் எங்கே போகும் என்பதையும் கேட்டுவிடுங்கள். நடைபாதையில் விட்டால் காலையில் பனிக்கட்டியாகி வழுக்கும்.

சோதனைகளை இந்தக் குளிர்காலத்தில் முடித்துவிட்டால், வேலையை வெயில் காலத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆட்கள் கிடைப்பார்கள், குழாய் இரண்டு நாள் காலியாக இருந்தாலும் யாரும் நடுங்கப் போவதில்லை. நன்றி, வணக்கம்.